புனித செபஸ்தியார்: மெழுகுவர்த்தி மேசையில் கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் கோயில் திருவிழாவில் கொடியேற்றத்திலிருந்து தேர் வரைக்கும் செபஸ்தியார் சுரூபத்துக்கு, அதாவது சிலைக்கு, பக்கத்தில் மெழுகுவர்த்தி மேசையில் உட்காருவது பல வருடமாக என் வேலை. சில்லறை எண்ணிக் கொடுப்பதைவிடப் பதில் சொல்வதுதான் அங்கே அதிகம். வருடா வருடம் அதே கேள்விகள். மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் இன்னும் கூர்மையாகக் கேட்பார்கள். கேட்டவர்கள் எப்படிக் கேட்டார்களோ அப்படியே எழுதியிருக்கிறேன். முதலில் எளியவை, போகப்போகச் சிக்கலானவை.

செபஸ்தியார் யாரு? சுருக்கமாச் சொல்லுங்க.

ரோமைப் பேரரசில் 3ஆம் நூற்றாண்டின் கடைசியில் வாழ்ந்த கிறிஸ்தவர். பேரரசன் தியோக்கிளேசியன் காலத்தில் விசுவாசத்துக்காக ரோம் நகரில் கொல்லப்பட்டார். வருடம் 288 என்று வழக்கமாகச் சொல்வார்கள். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது, பின்னால் வரும்.

மரபாகச் சொல்லப்படும் கதை இதுதான். பிறந்தது இன்றைய தென் பிரான்சின் நார்போன், ஊர் மிலான். பேரரசனின் மெய்க்காவல் படையில் அதிகாரி. அரண்மனையில் செல்வாக்கு உள்ளவர், ஆனால் உள்ளுக்குள் கிறிஸ்தவர். மாற்கு, மார்செல்லியன் என்ற இரட்டைச் சகோதரர்கள் சாவுத் தீர்ப்பு வாங்கிக் காவலில் இருக்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் வந்து, "தெய்வங்களுக்குப் பலி போட்டுவிட்டு வீட்டுக்கு வாருங்கள்" என்று அழுகிறார்கள். பிள்ளைகள் மனம் தளர்கிற நேரத்தில் செபஸ்தியார் பேசித் தேற்றுகிறார். கேட்டுக்கொண்டிருந்த பெற்றோரே மனம் மாறுகிறார்கள். இப்படிப் பலர் மாறியதும் விஷயம் வெளியே வருகிறது. பேரரசன் அம்பெய்து கொல்லச் சொல்கிறான்.

அம்பு பட்டுத்தானே செத்தார்?

இல்லை. பத்துப் பேரில் ஒன்பது பேர் இதைத்தான் நினைக்கிறார்கள். சுரூபத்தைப் பார்த்தால் வேறெப்படி நினைப்பது!

வில்லாளிகள் அவரைக் கட்டிவைத்து எய்தார்கள். முள்ளெலியைப் போல உடம்பெல்லாம் அம்பு குத்தி நின்றது என்கிறது பழைய ஏடு. செத்துவிட்டார் என்று விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஆனால் உயிர் இருந்தது. ஒரு விதவை வீட்டில் வைத்து வைத்தியம் பார்த்ததில் எழுந்து நடமாடினார்.

அப்போ எப்படித்தான் செத்தார்?

தடியால் அடித்துக் கொன்றார்கள். தேறியதும் கூட இருந்தவர்கள் ரோமை விட்டுப் போய்விடச் சொன்னார்கள். அவரோ அரண்மனை இருந்த பலத்தீன் குன்றில், எலகாபாலுஸ் என்ற தெய்வத்தின் கோயில் படிக்கட்டில் போய் நின்றார். பேரரசன் அந்த வழியாக வந்தபோது, "ஒரு குற்றமும் செய்யாதவர்களை ஏன் வதைக்கிறீர்?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டார். நாம் கொல்லச் சொன்ன ஆள் எப்படி எதிரே நிற்கிறான் என்று பேரரசன் திகைத்துப்போனான். இந்த முறை தப்பவிடவில்லை. அரண்மனையின் குதிரைப் பந்தயத் திடலில் அடித்துக் கொன்று, கிறிஸ்தவர்கள் எடுத்துவைத்து வணங்கக் கூடாது என்று உடலை நகரத்தின் பெரிய சாக்கடையில் போட்டார்கள்.

அன்றிரவு லூசினா என்ற பெண்ணின் கனவில் அவரே வந்து, உடல் கொக்கியில் மாட்டித் தொங்கும் இடத்தைச் சொன்னதாகக் கதை முடிகிறது. லூசினா போய் எடுத்து, ஆப்பியா நெடுஞ்சாலை ஓரத்தில் நிலத்தடிக் கல்லறையில் அடக்கம் செய்தாள். இரண்டு தடவை வேதசாட்சியானவர், அதாவது விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர் என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான்.

அந்த விதவை யாரு? பேரே கேள்விப்பட்டதில்லையே?

ஐரீன். புருஷன் கஸ்துலுஸ் அரண்மனையில் வேலை பார்த்தவர், அவரும் வேதசாட்சியாகச் செத்தவர். ஐரீன் அன்றிரவு போனது பிணத்தை எடுத்து அடக்கம் பண்ணத்தான். அவிழ்க்கும்போது மூச்சு இருப்பதைப் பார்த்து, அரண்மனை வளாகத்திலேயே இருந்த தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். யோசித்துப் பாருங்கள்: புருஷனைக் கொன்றவர்களின் வளாகத்துக்குள்ளேயே, அவர்கள் கொன்றதாக நினைக்கும் ஆளைப் படுக்கவைத்துக் காயத்துக்கு மருந்து போடுகிறாள்.

17ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் இவளை மறக்கவில்லை. பிரான்சின் ஜார்ஜ் த லா தூர் வரைந்த படத்தில் ஒரே விளக்கு வெளிச்சத்தில் ஐரீன் அவர் உடம்பிலிருந்து அம்பை எடுக்கிறாள். நம் திருவிழாப் பிரசங்கங்களில் மட்டும் ஏனோ ஆள் காணாமல் போய்விடுகிறாள். இது என் மனக்குறை.

செபஸ்தியாரா, செபஸ்தியானா, செபாஸ்டினா, செவத்தியானா?

எல்லாம் ஒருவர்தான். லத்தீனில் செபாஸ்தியானுஸ். மதிப்புக்குரிய என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லான செபாஸ்தோஸ்தான் வேர். அதே சொல்லை ரோமைப் பேரரசர்களுக்கும் பட்டமாகப் போட்டார்கள் என்பது இவர் கதைக்கு ஒரு வேடிக்கையான பொருத்தம். "ஆர்" மரியாதைக்காக நாம் சேர்த்தது. செவத்தியான் கிராமத்து வாயில் தேய்ந்த வடிவம். பழைய செபப் புத்தகங்களில் அர்ச்சியசிஷ்ட செபஸ்தியார் என்று இருக்கும், அர்ச்சியசிஷ்ட என்றால் புனித.

வேதசாட்சி, மறைசாட்சி, இரத்தசாட்சி: எது சரி?

மூன்றும் சரி. பாட்டி காலத்து மன்றாட்டுமாலையில் (புனிதர்களை வரிசையாக அழைத்து வேண்டும் செபம்) வேதசாட்சி, இன்றைய திருவழிபாட்டு நூல்களில் மறைசாட்சி, பிற சபையார் பேச்சில் இரத்தசாட்சி. மூன்றிலும் சாட்சி என்ற சொல் இருப்பதைக் கவனியுங்கள். கிரேக்க மூலச் சொல்லுக்கும் அதுதான் அர்த்தம்: பார்த்ததை நீதிமன்றத்தில் சொல்கிறவன்.

குதிரைமேல இருக்கிறவரும் செபஸ்தியார்தானே?

இல்லை. குதிரையும் வாளுமாக இருப்பவர் சந்தியாகப்பர், அதாவது அப்போஸ்தலர் யாக்கோபு. குதிரையிலிருந்து ஈட்டியால் பறவை நாகத்தைக் குத்துகிறவர் ஜார்ஜியார். மரத்திலோ தூணிலோ கட்டி, அம்பு குத்தியிருந்தால்தான் செபஸ்தியார்.

சுரூபத்துக்கு எத்தனை அம்பு இருக்கணும்?

இதைக் கேட்டது மூன்றாம் வகுப்புப் பையன். எங்கள் சுரூபத்தில் அம்புகள் கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்கும். சப்பரத்தில் ஏற்றும்போது துணியில் மாட்டும் என்று உபதேசியார் கழற்றி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பார். ஒரு வருடம் டப்பாவில் ஒன்று குறைந்துவிட்டது. விலா எலும்புக்குக் கீழே வெறும் ஓட்டையோடு சுரூபம் தெருச் சுற்றி வந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தோம், அவன் பார்த்துவிட்டான்.

கணக்கு எதுவும் கிடையாது. சிலர் இயேசுவின் திரு ஐந்து காயங்களை நினைத்து ஐந்து வைப்பார்கள், சிலர் இரண்டு, மூன்று. மேலே சொன்ன முள்ளெலி உவமையை அப்படியே எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. மான்தேஞ்ஞா என்ற இத்தாலிய ஓவியர் இவரை மூன்று முறை வரைந்தார், நெற்றியில்கூட அம்பைக் குத்தி வைத்தார்.

ஜனவரி 20ன்னு எப்படித் தெரியும்? யாரோ வச்ச தேதிதானே?

உண்மையில் இந்தத் தேதிதான் எல்லாவற்றையும்விட உறுதியானது. 354ஆம் ஆண்டு ரோமில் தொகுத்த ஒரு நாட்காட்டியில், வேதசாட்சிகளை எந்த நாளில் எந்தக் கல்லறையில் நினைவுகூர வேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் ஜனவரி 20க்கு நேரே இரண்டு பெயர்கள்: கலிஸ்துஸ் கல்லறையில் ஃபாபியான், "கத்தக்கும்பாஸ்" என்ற இடத்தில் செபஸ்தியான். ஃபாபியான் 250இல் கொல்லப்பட்ட பாப்பரசர். இன்றுவரை கத்தோலிக்கத் திருவழிபாட்டில் இருவருக்கும் ஒரே நாள். கீழைச் சபைகளில் செபஸ்தியாருக்கு டிசம்பர் 18.

கத்தக்கும்பாஸ் என்றால் பள்ளங்களின் அருகே என்று பொருள், அந்த இடத்தின் பழைய பெயர். இடைக்காலத்தில் மற்ற நிலத்தடிக் கல்லறைகள் எல்லாம் மறந்துபோய், மக்கள் தொடர்ந்து வந்துபோனது முக்கியமாக இங்கேதான். அதனால் இந்த ஒரு இடத்தின் பெயரே எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. கேட்டகோம்ப் என்ற சொல் செபஸ்தியார் படுத்த இடத்திலிருந்து வந்தது.

அம்மை, காலரா வந்தா இவர்கிட்ட வேண்டுறாங்களே. இவர் வைத்தியரா என்ன?

வைத்தியர் இல்லை, படைவீரர். ஆனால் அம்புக்கும் கொள்ளைநோய்க்கும் உள்ள உறவு இவரைவிடப் பழையது. கிரேக்கக் காவியத்தில் அப்போல்லோ வில்லை வளைத்து எய்தால் பாளையத்தில் கொள்ளைநோய் விழும். பைபிளில் திருப்பாடல் 91இல் "பகலில் பாய்ந்துவரும் அம்பு" என்ற வரிக்கு அடுத்ததே கொள்ளைநோயைப் பற்றித்தான். எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் ஒருவன் மேல் பட்டு, பக்கத்தில் நிற்பவனை விட்டுவிடுவது: அம்பும் அப்படி, நோயும் அப்படி. அந்த அம்பு உடம்பெல்லாம் பட்டும் பிழைத்தவர் ஒருவர் இருந்தால் நோயாளி அவரிடம் போகாமல் வேறு யாரிடம் போவான்? அம்பு பட்டுச் செத்தவர் என்று நினைத்தால் இந்தப் பக்தியின் முடிச்சே அவிழ்ந்துவிடும். மேலே இரண்டாம் கேள்விக்கு அவ்வளவு அழுத்திப் பதில் சொன்னது இதற்காகத்தான்.

பழைய சம்பவம் ஒன்று உண்டு. 680இல் இத்தாலியின் பவியா நகரில் கொள்ளைநோய். லொம்பார்தியரின் வரலாற்றை எழுதிய பவுல் தியாக்கன் சொல்கிறார்: மக்கள் ஊரைக் காலிசெய்து மலைக்கு ஓடிப்போனதால் சந்தையிலும் தெருவிலும் புல்லும் புதரும் முளைத்தன. இரவில் ஒரு நல்ல தூதனும் ஒரு கெட்ட தூதனும் தெருவில் நடந்தார்கள். நல்லவன் சொல்கிற எண்ணிக்கைப்படி கெட்டவன் கையிலிருந்த வேட்டை ஈட்டியால் கதவைத் தட்டுவான். எத்தனை தட்டோ, மறுநாள் அந்த வீட்டில் அத்தனை பிணம். அவ்வூர்ப் புனித பேதுரு சங்கிலிக் கோயிலில் செபஸ்தியாருக்குப் பீடம் வைத்தால் நோய் நிற்கும் என்று ஒருவருக்கு வெளிப்பாடு வந்தது. ரோமிலிருந்து அருளிக்கம், அதாவது அவர் உடம்பின் ஒரு பகுதியைக் கொண்டுவந்து பீடம் வைத்தார்கள், நோய் நின்றது.

1348இல் ஐரோப்பாவைக் கருங்கொள்ளை வாரிக்கொண்டு போன பிறகு இந்தப் பக்தி எங்கும் பரவியது. கொள்ளைநோய்க்கு வேண்டும் இன்னொரு புனிதரான ரோக், புனித செபஸ்தியார் இருவரையும் ஜோடியாக வைத்த பீடங்களை இத்தாலியில் ஊருக்கு ஊர் பார்க்கலாம். அங்கே கொள்ளைநோய்க்கு இருந்தது, தென்னிந்தியாவில் அம்மைக்கும் காலராவுக்கும் வந்தது.

படத்துல ஏன் சின்ன வயசுப் பையன் மாதிரி, வெறும் இடுப்புத் துணியோட? அதிகாரின்னு சொல்றீங்க.

நியாயமான கேள்வி. ஆரம்பத்தில் அப்படி வரையவில்லை. ராவென்னா நகரின் 6ஆம் நூற்றாண்டுப் பதிகல் (மொசைக்) ஓவியத்தில் வெள்ளை உடுத்தி வரிசையாகப் போகும் வேதசாட்சிகளில் இவரும் ஒருவர், அம்பே கிடையாது. ரோமின் புனித பேதுரு சங்கிலிக் கோயிலில் 7ஆம் நூற்றாண்டுப் படத்தில் நரைத் தாடியோடு, கையில் வெற்றி முடியோடு நிற்கிறார். நம்மூர் ஆள் யாரும் அதைப் பார்த்து செபஸ்தியார் என்று சொல்ல மாட்டார்.

15ஆம் நூற்றாண்டில் இத்தாலிய ஓவியர்களுக்கு மனித உடம்பை வரைந்து பழகும் ஆசை வந்தது. கோயிலுக்குள் உடையில்லாத உடம்பை வரைய யார் அனுமதிப்பார்கள்? சிலுவையில் இயேசு, அடுத்தபடி கட்டிவைத்த செபஸ்தியார். தாடி போனது, வயது குறைந்தது. ஃப்ளோரன்சில் ஃபிரா பார்த்தலோமியோ வரைந்த செபஸ்தியார் படத்தைப் பார்த்துப் பெண்கள் கெட்ட எண்ணம் வந்ததாகப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னார்கள், சாமியார்கள் படத்தைக் கோயிலிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று ஓவியர்களின் வரலாற்றை எழுதிய வசாரி எழுதிவைத்திருக்கிறார்.

எனக்குப் பிடித்தது வேறொரு படம். சான் ஜிமிஞ்ஞானோ ஊரில் 1464இல் கொள்ளைநோய் வந்தபோது பெனோட்சோ கொட்சோலி சுவரில் வரைந்தது. அதில் செபஸ்தியார் முழு உடையோடு நிற்கிறார். வானத்திலிருந்து விழும் அம்புகள் அவர் மேலங்கியில் பட்டு முறிகின்றன. அங்கிக்குக் கீழே ஊர் ஜனமே ஒண்டி நிற்கிறது.

மிலான்காரர் நம்ம பக்கம் எப்படி வந்தார்?

போர்த்துக்கீசியரோடு கப்பலில். அவர்களுக்கு இவர்மேல் தனிப் பிரியம். 1554 ஜனவரி 20இல் பிறந்த இளவரசனுக்கு செபஸ்தியான் என்றே பெயர் வைத்தார்கள், பிற்பாடு ராஜாவானான். 1565இல் பிரேசிலில் ஒரு நகரம் கட்டி அவன் பெயரையும் புனிதர் பெயரையும் சேர்த்து வைத்தார்கள். இன்றைக்கும் ரியோ டி ஜெனிரோவின் முழுப்பெயர் சாவ் செபஸ்தியாவ் தொ ரியோ டி ஜெனிரோ. அந்நகரை நிறுவிய எஸ்தாசியோ தெ சா 1567 ஜனவரி 20இல், செபஸ்தியார் திருநாளன்றே, போரில் முகத்தில் அம்பு பட்டு ஒரு மாதத்தில் இறந்துபோனார்.

கேரளத்தில் இந்தத் திருநாளுக்குப் பெயரே அம்புப் பெருநாள். சிறிய அம்பை வீடு வீடாக எடுத்துப்போய் வைத்துச் செபிப்பார்கள், நேர்ச்சையாகக் கோயிலில் அம்பு எடுப்பார்கள். இலங்கையில் மன்னார் மறைமாவட்டத்தின் பேராலயமே புனித செபஸ்தியார் பேராலயம்தான். நீர்கொழும்பு அருகே கட்டுவாப்பிட்டியில் உள்ளதும் இவர் பெயர்க் கோயில். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு பூசையில் குண்டு வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தது அங்கேதான். அந்த வருடத்துக்குப் பிறகு மன்றாட்டுமாலையில் "வேதசாட்சியான" என்ற சொல் வரும்போது எனக்கு முன்போல ஓட்டமாகச் சொல்ல வருவதில்லை.

இவர் நிஜமாவே இருந்தாரா? கதைதானே எல்லாம்?

ஆள் இருந்தார். விவரங்கள்தான் பின்னால் வந்தவை. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

உறுதியானவை மூன்று. ஒன்று, மேலே சொன்ன 354 நாட்காட்டி: பெயர், நாள், இடம். இரண்டு, அந்த இடத்தில் இருக்கும் கல்லறையும் கோயிலும். மூன்று, மிலான் ஆயர் அம்புரோஸ். 397இல் இறந்த அவர் ஒரு திருப்பாடல் விளக்கத்தில், செபஸ்தியார் மிலான்காரர், அங்கே வதை இல்லாததாலோ குறைவாக இருந்ததாலோ ரோமுக்குப் போய் அங்கே பாடுபட்டார் என்கிறார். அம்பு, ஐரீன், படிக்கட்டு எதையும் அம்புரோஸ் சொல்லவில்லை.

அவையெல்லாம் 5ஆம் நூற்றாண்டில் எழுதிய பாடுகளின் ஏட்டில், மேலே பழைய ஏடு என்று சொன்னதில், வருகின்றன. சம்பவம் நடந்து நூறு வருடத்துக்கு மேல் ஆன பிறகு எழுதியது. அதில் வரும் நீண்ட பிரசங்கங்கள் எழுதியவரின் கைவண்ணம். ஆகவே "செபஸ்தியார் சொன்ன பொன்மொழி" என்று ஃபோனில் வருவதை நம்பாதீர்கள், அவர் எழுதிய ஒரு வரிகூட இல்லை. ஒன்றுமட்டும் பாருங்கள்: கதை கட்டுகிறவன் அம்போடு முடித்திருந்தால் அழகாக முடிந்திருக்கும். பிழைக்கவைத்து, தடியால் அடித்து, சாக்கடையில் போட்டு முடிப்பது அவ்வளவு நேர்த்தியான முடிவு இல்லை. அதனால் கதை உண்மை என்று ஆகிவிடாது. எனக்கு அது நெருடிக்கொண்டே இருக்கிறது, அவ்வளவுதான்.

தியோக்கிளேசியன் வதை 303லதானே ஆரம்பிச்சது? 288ல எப்படிச் செத்தார்?

வரலாறு படித்த ஒரு கல்லூரி மாணவி கேட்டது. சரியான பிடி. பெரும் வதைக்கான ஆணை 303 பிப்ரவரியில்தான் வந்தது. அதற்கு முன் கிறிஸ்தவர்கள் ஓரளவு நிம்மதியாகத்தான் இருந்தார்கள். தியோக்கிளேசியன் பெரும்பாலும் இருந்தது கிழக்கே, நிக்கோமேதியாவில். ரோமுக்கு அவன் வந்ததே அபூர்வம். 303 நவம்பரில் ஆட்சியின் 20ஆம் ஆண்டு விழாவுக்கு வந்தான், கூட்டம் பிடிக்காமல் சீக்கிரமே கிளம்பிவிட்டான்.

288 என்பது பாடுகளின் ஏட்டில் பாப்பரசர் காயுஸ் வருவதை வைத்துப் போட்ட கணக்கு. அவர் இருந்தது 283 முதல் 296 வரை. ஆகவே வருடத்தை அடித்துச் சொல்ல முடியாது. 3ஆம் நூற்றாண்டின் கடைசி, அல்லது 4இன் தொடக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நாள் உறுதி, வருடம் தளர்வு: பழைய வேதசாட்சிகள் பலருக்கும் இப்படித்தான். வருடா வருடம் கல்லறைக்குப் போகிறவர்களுக்கு நாள்தானே வேண்டும்!

மறைவா கிறிஸ்தவரா இருந்துக்கிட்டு ராஜாகிட்டச் சம்பளம் வாங்கினது ஏமாத்து இல்லையா?

அந்தக் காலத்துக் கிறிஸ்தவர்களே இதில் ஒரே கருத்தாக இல்லை. 295இல் வட ஆப்பிரிக்காவின் தெபெஸ்தேயில் மக்சிமிலியன் என்ற 21 வயதுப் பையன் படையில் சேரவே மாட்டேன் என்று சொல்லித் தலை கொடுத்தான். 298இல் தாஞ்சியரில் மார்செல்லுஸ் என்ற நூற்றுவர் தலைவன் பேரரசன் பிறந்தநாள் விருந்தில் இடுப்புவாரைக் கழற்றி எறிந்தான், அவனுக்கும் அதே முடிவு. இன்னொரு பக்கம் எத்தனையோ கிறிஸ்தவர்கள் படையில் சத்தமில்லாமல் வேலை பார்த்தார்கள்.

செபஸ்தியார் படையில் இருந்தது சிறையிலிருப்பவர்களை அணுக வசதியாக இருந்தது என்று ஏடு சொல்கிறது. பேரரசன் கோபப்பட்டதும் உங்கள் கேள்வியைக் கேட்டுத்தான்: அரண்மனையில் முதல் வரிசையில் வைத்தேனே, எனக்கு எதிராக ஒளித்துவைத்தாயா? உமக்காகவும் நாட்டுக்காகவும்தான் செபித்தேன் என்பது அவர் பதில். ஒப்புக்கொள்வதும் கொள்ளாததும் உங்கள் விருப்பம்.

பிழைச்சவர் தப்பிச்சுப் போயிருக்கலாமே? திரும்பிப் போய் நின்னது தற்கொலை மாதிரி இல்லையா?

திருச்சபை தானாகப் போய் மாட்டிக்கொள்வதைப் புகழ்ந்ததில்லை. ஒரு நகரில் துன்புறுத்தினால் அடுத்த நகருக்கு ஓடுங்கள் என்று இயேசுவே சொன்னார். 2ஆம் நூற்றாண்டில் ஸ்மிர்னா ஆயர் போலிகார்ப்பின் சாவைப் பற்றி அவ்வூர்ச் சபை எழுதிய கடிதத்தில் குயிந்துஸ் என்பவன் வருகிறான். வீரமாகத் தானே முன்வந்தவன், காட்டு மிருகங்களைப் பார்த்ததும் நடுங்கிப் பலி போட்டுவிட்டான். இப்படித் தாங்களே முன்வருகிறவர்களை நாங்கள் பாராட்டுவதில்லை என்று அந்தக் கடிதம் வெளிப்படையாகவே எழுதுகிறது.

செபஸ்தியார் விஷயத்தில் ஒரு வித்தியாசம்: அவர் யாரென்று தெரிந்து, தீர்ப்பும் ஆகிவிட்டது. படிக்கட்டில் நின்றது சாவைக் கேட்டு இல்லை, மற்றவர்கள்மேல் உள்ள பொய்க் குற்றச்சாட்டைத் திரும்ப வாங்கு என்று கேட்டு. அப்படித்தான் மறைக்கல்வியில் சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் இதைக் கேட்ட அம்மா விடவில்லை. "அந்த ஐரீனுக்கு எப்படி இருந்திருக்கும்? அவ்வளவு பாடுபட்டுக் காப்பாத்தினாளே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

எந்தப் பாப்பரசர் இவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்?

யாரும் கொடுக்கவில்லை. முதல் நூற்றாண்டுகளில் அப்படி ஒரு முறையே கிடையாது. வேதசாட்சியாகச் செத்தவரின் கல்லறையில், செத்த நாளன்று, மக்கள் கூடிப் பூசை வைப்பார்கள். அந்த நாட்காட்டியில் பெயர் ஏறியதுதான் அவருக்குப் பட்டம். பாப்பரசர் முறைப்படி பட்டம் கொடுத்ததாக நமக்குத் தெரியும் முதல் ஆள் அவுக்ஸ்பூர்க் ஆயர் உல்ரிக், 993இல். நம் தேவசகாயம் பிள்ளை 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டு, விசாரணை, புதுமை, குழு என்று எல்லாப் படியும் ஏறி 2022 மே 15இல் புனிதரானார். செபஸ்தியாருக்கு அந்த அலைச்சல் இல்லை.

சுரூபத்துக்கு முன்னால மெழுகுவர்த்தி கொளுத்துறது சிலை வழிபாடு இல்லையா?

வேறு சபைகளிலிருந்து வரும் உறவினர்கள் கேட்பது, பெரும்பாலும் கல்யாண வீட்டில். கத்தோலிக்கப் போதனைப்படி ஆராதனை கடவுளுக்கு மட்டும், புனிதர்களுக்கு வணக்கம். மன்றாட்டுமாலையைக் காது கொடுத்துக் கேட்டாலே தெரியும். கடவுளிடம் "எங்கள்மேல் இரக்கமாயிரும்" என்போம். செபஸ்தியாரிடம் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்". வினைச்சொல் மாறுகிறது. நோய் வந்தால் பக்கத்து வீட்டு அக்காவை எனக்காகச் செபியுங்கள் என்று கேட்பதில்லையா, அதே வகை.

நடைமுறையில் எல்லைக்கோடு மங்கிப்போகிறது என்றால், ஆமாம், மங்குகிறது. "செபஸ்தியார் கொடுத்தார்" என்றுதான் மேசைக்கு வருகிறவர்கள் சொல்கிறார்கள். ஒவ்வொருவரையும் நிறுத்தித் திருத்த நான் போவதில்லை.

நாங்க இந்துக்கள். வந்து நேர்ச்சை செலுத்தலாமா?

தாராளமாக. இந்தக் கேள்வியைத் தயங்கித் தயங்கிக் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது ஆலப்புழைப் பக்கத்து அர்த்துங்கல் கோயிலை. அங்குள்ள செபஸ்தியார் சுரூபம் பேர்போனது. சபரிமலை போய்த் திரும்பும் ஐயப்ப பக்தர்கள் பலர் அங்கே வந்து மாலை கழற்றுகிறார்கள். நற்கருணை வாங்குவது மட்டும் திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கருக்கு. மெழுகுவர்த்தி, மிளகு உப்பு, சாப்பாடு எல்லாம் எல்லாருக்கும்.

உடம்பு இப்போ எங்கே இருக்கு? ரோமுக்குப் போனா என்ன பார்க்கணும்?

ஆப்பியா நெடுஞ்சாலையில் மதிலுக்கு வெளியே உள்ள புனித செபஸ்தியார் பசிலிக்கா. முதலில் இது பேதுரு, பவுல் நினைவாக 4ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயில், செபஸ்தியார் பெயர் பிறகு வந்தது. இன்றைய கட்டடம் 17ஆம் நூற்றாண்டில் கர்தினால் சிப்பியோனே போர்கேசே புதுப்பித்தது. உள்ளே இடப்பக்கம் ஜியோர்ஜெத்தி செதுக்கிய வெண்பளிங்கு செபஸ்தியார் படுத்திருப்பார். கட்டு இல்லை, மரம் இல்லை, தூங்குகிறவர் மாதிரி. உடம்பு முழுக்க வெள்ளைக் கல், அம்புகள் மட்டும் பொன் பூசிய உலோகம். கீழே இறங்கினால் பழைய கல்லறை.

அருளிக்கங்கள் பல ஊருக்குப் பிரிந்து போயின. 826இல் பிரான்சின் சுவாசோன் மடத்துக்கு ஒரு பங்கு போனது. ஜெர்மனியின் பவேரியாவில் ஏபர்ஸ்பெர்க்கில் மண்டை ஓட்டின் ஒரு பகுதியை வெள்ளியில் பொதிந்து, அதில் ஊற்றிய திராட்சை ரசத்தைக் கொள்ளைநோய்க் காலத்தில் பயணிகளுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். நேரம் இருந்தால் பலத்தீன் குன்றுக்கும் ஏறுங்கள். எலகாபாலுசின் கோயில் நின்ற இடத்தில் இப்போது சின்னதாக ஒரு செபஸ்தியார் கோயில் இருக்கிறது. அவர் பேரரசனை மறித்த படிக்கட்டு அந்தப் பக்கம்தான்.

பங்குல செபஸ்தியார் நாடகம் போடப்போறோம். எதை விடலாம், எதை விடக் கூடாது?

ஊமையாக இருந்த சோயே என்ற பெண்ணைப் பேசவைத்தது, வாதநோயால் அவதிப்பட்ட ரோம் நகரத் தலைவர் குரோமாசியுஸ் மனம் மாறியது, இரண்டும் நீளமான கிளைக்கதைகள். நேரம் இல்லையென்றால் வெட்டுங்கள். இரட்டையர் சிறைக் காட்சி வேண்டும், பெற்றோர் அழுகிற இடம் மேடையில் நன்றாக எடுபடும். அம்புக் காட்சிக்குத் தெர்மாகோல் அம்பு போதும், சட்டைக்குள் அட்டை வைத்துக் குத்தலாம். நாங்கள் ஒரு தடவை நிஜ மூங்கில் வைத்துப் பையனுக்குத் தோளில் கீறல் விழுந்து, அவன் அம்மா நாடகம் முடிகிற வரைக்கும் மேடைக்குப் பக்கத்திலேயே டெட்டாலோடு நின்றார்.

அம்பு விழுந்ததும் விளக்கை அணைத்துத் திரையை இழுத்துவிடாதீர்கள். ஐரீனாக நடிக்க நன்றாகப் பேசுகிற பெண்ணாகப் பாருங்கள், அவளுக்கு ஒரு காட்சி முழுசாகக் கொடுங்கள். எங்கள் நாடகத்தில் டெட்டாலோடு நின்ற அந்த அம்மாவையே அடுத்த வருடம் ஐரீன் ஆக்கினோம். வசனம் பாதி மறந்துவிட்டார், கட்டுப்போடுவது மட்டும் சரியாக வந்தது.